நிகர எடை

வண்டியோடு ஒருமுறை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒருமுறை.
மொத்தத்தில் வண்டியைக் கழித்தால்
மிஞ்சுவது கழிவு.
பதினேழு வருடமாக எனக்குச் சம்பளம்
இந்தக் கழித்தலுக்குத்தான்.

லில்மீரா குப்பையில் குளிர்காயும் ஊர்.
உலை எரிய, தண்ணீர் கொதிக்க,
குழாய்கள் அதை வீடுவீடாகக் கொண்டுபோகும்.
மைனஸ் இருபத்தாறிலும்
நூலக வாசலில் ஒரு கோடு மட்டும் பனி பிடிக்காது.
அந்தக் கோட்டின் மேல் புறாக்கள்
பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நிற்கும்.

பிறகு நாங்கள் நல்லவர்களானோம்.
தயிர் டப்பாவைக் கழுவினோம்,
காப்பிச் சக்கையைத் தனியாகக் கட்டினோம்.
குப்பை பாதியாயிற்று.
உலையின் பசி பாதியாகவில்லை,
அதன் கடனும்.

ஆகவே, ஹல் துறைமுகத்திலிருந்து கப்பல்.
வெள்ளை பிளாஸ்டிக்கில் சுற்றிய பொதிகள்.
டன்னுக்கு இவ்வளவு என்று
அவர்களே பணமும் தருகிறார்கள்.
நவம்பரில் ஒரு பொதி என் மேடையில் கிழிந்தது.
நீச்சல் கண்ணாடி ஒன்று, தேயிலைப் பைகள்,
எரிவாயுக் கட்டணம் கட்டாததற்கு இறுதி அறிவிப்பு:
திருமதி டி. ஓல்டுராய்ட், நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு.
மற்றதை உலைக்கு அனுப்பினேன்.
அதை மட்டும் மேசை அறையில் போட்டு வைத்தேன்.

வியாழன் மாலை நகர மன்றம்.
கணக்கு பார்க்கும் இங்வே பிரான்லுண்ட் சொன்னார்:
கப்பலை நிறுத்தினால்
வெப்பத்தின் விலை முப்பது சதவீதம் ஏறும்.
பொய்யில்லை. என் கீழ்வீட்டு மிர்சாத்
இப்போதே ரேடியேட்டரை இரண்டில் வைத்துவிட்டு
கோட்டோடு தூங்குகிறான்.
ஏரி நீரைச் சோதிக்கும் சோல்வெய் நோர்பி சொன்னாள்:
பெர்ச் மீனில் பாதரசம்,
கர்ப்பிணிகள் தின்ன வேண்டாம்.
எங்கள் புகையாலா என்று கேட்டார்கள்.
எவ்வளவு எங்களுடையது என்று தெரியாது என்றாள்.
அதுவும் பொய்யில்லை.

நானும் உறுப்பினர்தான், பின்வரிசை.
எழுந்து எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்:
நூறு டன் உள்ளே போகிறது,
இருபத்திரண்டு டன் சாம்பலாய் வெளியே வருகிறது.
இரண்டையும் நிறுப்பவள் நான்.
மீதி எழுபத்தெட்டுக்கு
ரசீது யாரிடம் இருக்கிறது?

யாரோ இருமினார்கள். காப்பி வந்தது.

ஆறு வருடத்துக்குக் கப்பல், ஒரு புதிய வடிகட்டி,
கட்டணம் பதினொரு சதவீதம் கூடுதல்.
பதினைந்துக்குப் பதினான்கு.
பதினைந்தாவது கை என்னுடையது.
மிர்சாத்திடம் இன்னும் சொல்லவில்லை.

இரவுப் பணி. வண்டிகள் வராத நேரம்
மேடையின் நடுவில் போய் நின்றேன்.
சிவப்பு எண் அறுபது என்றது.
அந்த அறிவிப்பை எடுத்துவந்து
மறுபடி நின்றேன்.
அறுபது.
இருபது கிலோவுக்குக் குறைந்த எதையும்
அதற்குத் தெரியாது.