பன்னிரண்டாவது ஆள்

சாங்கி முனைப் படகுத்துறையில்
பதினோரு பேர் சேர்ந்து நாற்பது நிமிடம்.
பன்னிரண்டு ஆகாமல் கயிறு அவிழாது.
அது ஆ ஹோக் மாமாவின் சட்டம்.
சீனச் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்,
கடல் எங்கே ஓடிவிடப்போகிறது என்பதுபோல.

தொடர்ந்து ஆறு இரவு வார்டில் நின்ற தாதிக்கு
அந்தச் சனிக்கிழமை
யாரைப் பார்த்தாலும் எரிச்சல்.
அப்போதுதான் வந்தாய்,
காற்றிறங்கிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு,
வாயில் பாதிக் கறிபாப்.
பன்னிரண்டு, என்றார் மாமா.
படகே கைதட்டி உன்னை ஏற்றிக்கொண்டது.
நான் தட்டவில்லையாம்.
இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாய்.

உபினில் இறங்கி
நீ காற்றடிக்க, பம்பின் அடியை நான் மிதித்துப் பிடித்தேன்.
பெயர் கேட்டேன். மதியழகன் என்றாய்.
"பரவாயில்லை" என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
எனக்கே தெரியாது.

ஒன்றரை வருடம் கழித்து
காப்பிக்கடையில், தே தாரிக் ஆறுமுன் கேட்டாய்:
"வீவக வீட்டுக்கு விண்ணப்பம் போடலாமா?"
மின்தூக்கி பழுதுபார்க்கும் உன் விரல்களில்
கிரீஸ் கறை இருந்தது.
இந்த ஊரில்
இதைவிடத் தெளிவாக யாரும் காதலைச் சொன்னதில்லை.

அம்மாவின் பட்டியலில் எண்ணூறு பேர்.
மண்டபம், பஃபே, மேடையில் புகை கக்க ஓர் இயந்திரம்.
"தீவில் செய்துகொள்கிறோம்" என்றேன்.
"பாலியா?" முகம் மலர்ந்தது.
"உபின்."
மூன்று நாள் பேசவில்லை.
நான்காம் நாள் தொலைபேசியில் ஒரே கேள்வி:
"அங்கே கழிப்பறை இருக்கிறதா?"

மூன்று படகு. முப்பத்தாறு பேர்.
ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம்.
மூன்றாம் படகில் பதினொன்று.
டாக்சிக்காரரிடம் சாங்கி என்று மட்டும் சொன்ன
ஜூரோங் சித்தப்பா
பட்டு வேட்டியோடு விமான நிலையத்தில் நின்றார்.
அந்தப் படகில்தான் தாலி இருந்தது.
உன் அக்கா கெஞ்சினாள், பணம் நீட்டினாள்.
சட்டம் சட்டம்தான்.
மணி பத்து ஐந்து.

ஆ ஹோக் மாமா செய்தித்தாளை மடித்தார்.
சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டார்.
தன் நெஞ்சைத் தானே தொட்டு
"பன்னிரண்டு" என்றார்.
கயிறு அவிழ்ந்தது.

ரொக்கையா அக்கா வீட்டு ரம்புத்தான் மரத்தடியில்
பதிவதிகாரியின் பேனா எழுத மறுத்தது.
கெட்டிமேளத்துக்கு ஆள் இல்லை,
சேவல் ஒன்று தானாக முன்வந்தது.
மூன்றாவது முடிச்சில் மழை பிடித்து
எல்லோரும் தகரக் கூரைக்குள் ஓட,
வேனில்தான் வருவேன் என்றிருந்த அம்மா
சேலையைச் செருகிக்கொண்டு
யாருடைய சைக்கிளிலோ இரண்டு சுற்றுச் சுற்றி
சிரித்தபடி நனைந்து வந்தாள்.
முதல் பந்தியில் ஆ ஹோக் மாமா,
செருப்புக் காலோடு,
ரசத்தைக் குவளையில் வாங்கி மூன்று முறை குடித்தார்.
விருந்து முடிகிறபோது வந்த சித்தப்பாவுக்கு
அப்பளம் மட்டும் மிச்சம்.

ஐந்து மணிப் படகில் அனைவரும் போனார்கள்.
நாம் போகவில்லை.
மூன்று இரவு, ஒரு கொசுவலை.
பத்து மணிக்கு ஜெனரேட்டர் அணைந்ததும்
எதிர்க்கரை ஜொகூர் விளக்குகளே வெளிச்சம்.
கைத்தொலைபேசி சிணுங்கியது:
மலேசியாவுக்கு நல்வரவு.
வெளிநாட்டுத் தேனிலவுக்கு இதுதான் சாட்சி என்று
அம்மாவுக்கு அனுப்பிவைத்தாய்.

வாசல் ஆணியில் மாட்டிய மாலைகளை
விடியுமுன் காட்டுப்பன்றி தின்றிருந்தது,
ரோஜாவை மட்டும்.
மல்லிகையைத் துப்பிவிட்டது.
ஆயிரம் சொல், ருசி தெரிந்த பன்றி, என்றாய்.
என் கழுத்தில் மஞ்சள்கயிறு இன்னும் ஈரமாக இருந்தது,
உப்பும் மஞ்சளும் கலந்த ஒரு வாசனை.

நான்காம் நாள் காலை.
உபின் துறையில் நாம் இரண்டு பேர்.
"இன்னும் பத்து" என்று மாமா
செய்தித்தாளைப் பிரித்தார்,
நம்மைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல்.
மீதிப் பத்துக்கும் பணம் கொடுக்கலாம்.
நீ கைப்பையைத் தொடவில்லை, நானும் சொல்லவில்லை.
கறிபாப்பை இரண்டாகப் பிட்டு
பெரிய பாதியை யாருக்குத் தருவது என்று
நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாய்.

தூரத்தில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்.
வந்துவிடக் கூடாதே என்றிருந்தது.