இடைவெளி விசை

மூன்றாம் அத்தியாயத்துக்கு நேற்று
இரண்டு வயது முடிந்தது.
நான் பிறிட்ஜைத் துடைத்தேன்.
கதவு ரப்பரின் மடிப்புக்குள்
ஈர்க்கில் பஞ்சு சுற்றி,
ஓர் ஆய்வாளருக்குரிய கவனத்தோடு.

அதற்கு முந்தின கிழமை
பாமினியில் அடித்ததையெல்லாம்
யூனிகோடுக்கு மாற்றினேன்.
இடம்மாறி நின்ற கொம்புகளை
ஒவ்வொன்றாய்ப் பிடித்து எழுத்தோடு சேர்த்தேன்.
அன்றிரவு நல்ல நித்திரை,
வேலை செய்தவளின் நித்திரை.

என் ஆய்வு வாவியின் உப்பைப் பற்றியது.
பதினொரு இடங்கள், பதினெட்டு மாதம்,
தோணியில் போய்ப் போத்தலில் அள்ளினேன்.
முகத்துவாரம் வெட்டி மூன்றாம் நாள்
எல்லா இடத்திலும் கடல் ஏறியது.
ஏழாம் இடத்தில் மட்டும் உப்புக் குறைந்தது.
ஏன் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் மிச்சம்.
அந்த ஏன்
உரிக்காத றாலைப்போல மேசையில் கிடக்கிறது,
தொடாமல் விட விட நாறி.

வந்தாறுமூலையில்
கால நீடிப்புப் படிவம் கேட்டால்
ஜெயமலர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.
"இந்தமுற சுகயீனம் எண்டு போடுங்க மிஸ்.
வெள்ளம் ரெண்டுதரம் வந்திட்டு."

பிறகுதான் ஷிப்னா ஒரு வழி சொன்னாள்.
ஏறாவூரில் அவள், அமிர்தகழியில் நான்.
அறக்கொட்டியான் பூச்சியோடு அவளுக்கு ஐந்தாம் வருசம்.
விடிய நாலு மணிக்குப் போன் எடுப்பாள்.
பேசக்கூடாது. போனைக் கவிழ்த்து வைத்து எழுதவேண்டும்.
மற்றவள் தட்டுவது கேட்டால் வெட்கம் வரும்,
வெட்கம் வந்தால் வேலை நடக்கும். இது கணக்கு.

வாளிக்குள் நண்டு நடப்பதுபோல
இடைவிடாமல் அவள் விசைகள்.
எப்படித்தான் இத்தனை எழுதுகிறாள்!
எனக்கு ஒரு வரி வரவில்லை.
அவளுக்குக் கேட்கவேண்டுமே என்று
இடைவெளி விசையைத் தட்டத் தொடங்கினேன்.
பத்து நாளில் முப்பத்தொரு பக்கம்
வெறுமை,
சீரான ஓரங்களோடு.

இன்று பாங்கு சொல்லி முடிந்தும்
நண்டுகள் ஓயவில்லை.
"தொழப் போகல்லியா?" என்றேன், விதியை மீறி.
சத்தம் நின்றது.
"ஒண்டு சொல்லட்டா, கோவிக்காதகா.
நான் எழுதல்ல.
அறக்கொட்டி அறக்கொட்டி எண்டு
எண்பது பக்கம் அடிச்சிருக்கன்."

மாமாங்கத்து மணி அடித்து ஓய்ந்த பிறகுதான்
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

முப்பத்தொரு பக்கத்தையும் அழித்தேன்.
அடியில் கிடந்தது
ஆவணியில் விட்டுப்போன அரை வசனம்:
"ஏழாம் இடத்தில் உப்புக் குறைந்தமைக்கு"
வாசித்துக் காட்டினேன்.
"அங்க வயல் வாய்க்கால் ஒண்டு விழுதா?" என்றாள்.
"வாவி இறங்கினா வயல் தண்ணியும் இறங்கும்தானே."

கொப்பியைப் புரட்டினேன்.
அந்த நாளின் ஓரத்தில்
பென்சிலால், என் கையெழுத்தில்:
போத்தலில் வைக்கோல் துரும்பு.

அப்படியும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
வாய்க்கால் கதவு திறந்த திகதி
நீர்ப்பாசனக் கந்தோரில் கிடைக்கும்.
ஒன்பது மணிக்குத் திறப்பார்கள்.
இப்போது ஐந்தே முக்கால்.
பிறிட்ஜ் சுத்தமாகத்தான் இருக்கிறது.

தொழுதுவிட்டு வந்திருக்கிறாள்போல.
கவிழ்ந்த போனுக்குள்
ஒரு விசை.
நெடுநேரம் கழித்து
இன்னொன்று.