சாதாரணப் பயனர்

பத்தூமியில் நவம்பர் என்றால் மழைதான்.
துறைமுகத்துக் கிரேன்களுக்குத்
தலை இருக்கிறதா என்றே தெரியாது.
இரண்டு பேக்கரிகளின் கணக்கு வழக்கைச்
சமையலறை மேசையில் வைத்துப் பார்க்கிறேன்,
ஃபெய்ஜோவாப் பழக்கூடையைத் தள்ளி வைத்துவிட்டு.

புதுப் பிரிண்டர் வாங்கினேன், என் காசில்.
வயரைச் செருகியதும் திரை மங்கி
நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது:
இதைச் செய்ய நிர்வாகியின் அனுமதி வேண்டும்.
கீழே மல்ஹாஸ் என்ற பெயர்.
பெயருக்குப் பக்கத்தில்
ஏழு வருடத்துக்கு முந்தைய மீசை.

மீசைக்காரன் அப்போது சூயஸுக்குத் தெற்கே எங்கோ
எண்ணெய்க் கப்பலின் எஞ்சின் அறையில்.
கணினி அவன் வாங்கியது. முதல் கணக்கும் அவனுடையது.
எனக்கென்று ஒன்று திறந்து தந்தபோது
இரண்டு வட்டங்களில்
'சாதாரணம்' என்பதன்மேல் அழுத்தினான்.
கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.
கேட்டிருந்தால்
அது ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது என்றிருப்பான்.

ஒன்பது நாள்.
ஏத்தேரியின் ரசீதுகளையெல்லாம்
கையால் எழுதிக் கொடுத்தேன்.
இந்தக் காலத்திலா என்றாள்.
இந்த வீட்டில் என்றேன்.

பத்தாம் நாள் ஜெத்தாவிலிருந்து கூப்பிட்டான்.
முதலில் காற்று, அப்புறம் இருமல்,
அப்புறம் கடவுச்சொல்:
"நான் ஏறிய முதல் கப்பல்,
கூடவே நீ பிறந்த வருடம்."
எனக்குத் தொண்டை அடைத்தது, ஒரு நிமிடம்.
லைன் அறுந்தது.

கப்பலை அடித்தேன், வருடத்தை அடித்தேன்.
தவறு.
ஜார்ஜிய எழுத்தில் இருந்த விசைப்பலகையை மாற்றி
மறுபடி அடித்தேன்.
தவறு.
மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது
நினைவுக்கு வந்தது
கொபுலேத்தி ஓட்டலில் அவன் நிரப்பிய படிவம்.
என்னை ஒரு வயது மூத்தவளாக எழுதியிருந்தான்.
ஒன்றைக் கழித்தேன்.

திறந்துகொண்டது.

உள்ளே போனால் கணக்குகளின் பட்டியல்.
மல்ஹாஸ்: நிர்வாகி.
ராத்தி: நிர்வாகி.
பதினான்கு வயது ராத்தி!
இரண்டு குளிர்காலத்துக்கு முன்
அப்பாவின் விரல்களை எண்ணிக் கற்றுக்கொண்டானாம்.
காதுவரை சிவந்து நின்றான்.
ஒன்பது நாளும் நான் திண்டாடியதைப் பார்த்தாயே, என்றேன்.
"நீ என்னிடம் கேட்கவே இல்லையே அம்மா."

அதுவும் உண்மைதான்.
என் வீட்டில் கேட்க வேண்டியவர் யார் என்று
கணினி சொன்னதை நானும் நம்பியிருந்தேன்.

அன்றிரவு புதிதாக ஒரு கணக்கைத் திறந்தேன்.
வீடு என்று பெயர்.
அதற்கு மட்டும் எல்லா அதிகாரமும்.
ராத்தியைச் சாதாரணமாக்கினேன்.
மல்ஹாஸை, கை கொஞ்சம் தயங்கி, சாதாரணமாக்கினேன்.
என்னை ஒன்றும் செய்யவில்லை.
பேக்கரி மாவுக்கணக்கு எழுத
மகுடம் எதற்கு?
வேலை வந்தால் எட்டிப் பார்க்கலாம்,
முடிந்ததும் வெளியே வந்து கதவைச் சாத்தலாம்.
அதிலேயே குடியிருந்தவர்களைப்
பார்த்தாகிவிட்டது.

பிப்ரவரியில் வந்தான்.
மூன்றாம் நாள் நார்தி விளையாட்டு ஒன்றை
ஏற்றப் போனான். திரை மங்கியது.
"சியாலா! இது உன்னைக் கேட்கிறது!"
என் கையெல்லாம் அக்ரோட் விழுது, பூண்டு.
இரு, என்றேன்.
அவனுக்கு இருக்கத் தெரியாது.
"கடவுச்சொல்லையாவது சொல்."

சொன்னேன்:
நம் தெருவின் பெயர்,
கூடவே நான் பிறந்த வருடம்.

தட்டினான்.
மறுபடி தட்டினான்.
விசைப்பலகையின் எழுத்தை மாற்றிப் பார்த்தான்.
நான் கையைக் கழுவவில்லை,
இன்னும் ஒரு பிடி அக்ரோட்டை உரலில் போட்டேன்.