ஆழ்ந்த இரங்கல்

நடிகர் இறந்த செய்தி ஒன்பதரைக்கு வந்தது.
ஒன்பதே முக்காலுக்கு முதல் ஆர்டர்.
பத்துக்கு எட்டு, நீடாமங்கலம் ரயில்வே கேட் ஓரம்.
கேட் மூடிக் கிடக்கும் நேரமெல்லாம்
லாரிக்காரர்கள் பார்த்துத்தானே ஆகவேண்டும்.

என் கம்ப்யூட்டரில் ஒரு கண் இருக்கிறது.
ஒற்றைக் கண், இமையோரம் ஒரு சொட்டு.
போன வாரம் பம்புசெட் மெக்கானிக் பக்கிரிசாமிக்கு அழுதது.
அதற்கு முந்தின வாரம்
பிரசவத்தில் போன ஒரு டீச்சருக்கு.
அன்றிரவு மட்டும் பதினேழு முறை
அதை நகலெடுத்து ஒட்டினேன்.
அது அலுத்துக்கொள்வதில்லை.

அடகுக்கடை சிங்காரவேலு
கறுப்புச் சட்டை மாட்டிப் படம் பிடித்து அனுப்பினார்.
"அவரு கொஞ்சம் பின்னாடி இருக்கட்டும் தம்பி,
நான் கும்புடுறது தெளிவா தெரியணும்."
செத்தவரைப் பத்து விழுக்காடு சுருக்கினேன்.
அப்புறம் இன்னொரு ஐந்து.

பாத்திர வாடகைக் கடைப் பையன்
மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான்.
அவனுடைய அப்பா நன்றாக இருக்கிறார்,
வாசலில் வண்டியை நிறுத்தாமல்
சீக்கிரம் வாடா என்று கத்தினார்.

ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல் என்று
தட்டிக்கொண்டே இருந்தேன்.
மேட்டூரை மூடிவிட்ட மாசி மாதம்.
வெண்ணாற்றில் எவ்வளவு ஆழமோ
அவ்வளவு.

இரண்டு மணிக்குப் போன் அடித்தது.
பெயரை அழித்துவிட்ட எண்.
கடைசி நாலு இலக்கத்தை அழிக்க முடிவதில்லை.

"கேள்விப்பட்டியா?"
ஆறு வருஷம் கழித்து
திருப்பூரிலிருந்து அண்ணன் பேசிய முதல் வார்த்தை.

அம்மா செத்தபோது
பந்தலின் இரண்டு முனைகளில் நின்றோம்.
செலவுக் கணக்கைப் பங்காளி ஒருவர்
நடுவே தூக்கிக்கொண்டு நடந்தார்.

நாற்பது நிமிஷம் பேசினோம், நடிகரைப் பற்றியே.
தண்ணீர்ப் பாம்பைக் கையில் பிடித்தபடி
அவர் காதலைச் சொல்லும் இடம்,
அதற்காகவே இரண்டாம் ஆட்டம் மூன்று தடவை.
மூணாற்றுத் தலைப்பில் சைக்கிள் பஞ்சர்.
"நீ கேரியரைப் புடிச்சுக்கிட்டு
தூங்கிக்கிட்டே நடந்தடா."
தென்னை நிற்கிற அந்த நாலு குழியைப் பற்றி
அவனும் எடுக்கவில்லை, நானும்.
பிறகு அவன் அழுதான்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மேலோட்டமான துக்கம் என்று
எத்தனையோ தடவை சொன்னவன் நான்.
இப்போதும் பாதிக்கு அதுதான் என் கட்சி,
சிங்காரவேலு இன்னும் பில் தொகை தரவில்லை.
ஆனால் அக்கரைக்குப் போக வேண்டியவன்
மடுவைத் தேடி இறங்குவதில்லை.
மணல் தெரிகிற இடமாகப் பார்த்து
வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்கிறான்.

"என் பேரையும் போட்டு ஒண்ணு அடி."

நாலுக்கு மூன்று, என் செலவு.
தியாகராசு, கமலநாதன்.
இரண்டு பெயரும் கடைசியாகச் சேர்ந்து நின்றது
பாகப்பிரிவினைப் பத்திரத்தில்.
எழுத்தைப் பெரிதாக்கினேன்,
வெட்கமாயிருந்தது, குறைத்தேன்.
அந்தக் கண்ணை இதில் வைக்கவில்லை.

அதற்கப்புறம் அவன் கூப்பிடவில்லை. நானும்தான்.
அந்த எண்ணுக்கு மட்டும்
மறுபடி பெயர் போட்டு வைத்திருக்கிறேன்.

எட்டாம் நாள் பருவம் தவறிய மழை.
கோவில்வெண்ணி கொள்முதல் நிலையத்தில்
தார்ப்பாய் போதாமல்
கேட்டோரத்து பேனர்களை அவிழ்த்து வந்து
ஈர நெல்லின் மேல் கவிழ்த்திருந்தார்கள்.
எங்களுடையதும் அதில் கிடந்தது.
வெள்ளை முதுகில் மழை அடித்துக்கொண்டிருக்க,
அடியில், நெல்லோடு முகம் ஒட்டி
நடிகர்,
அவருக்குக் கீழே நாங்கள் இரண்டு பேர்.