தூணுக்கு விட்ட இடம்

சாவி என்னிடம் இருந்தது. என் பங்கு அவ்வளவுதான்.
ஹெர்னெ நகரில், மூன்றாம் எண் நிலக்கரிச் சுரங்கத்தில்
குளியல் கொட்டகையைக் கழுவிப் பூட்டுகிறவள்,
எடெல்ட்ரவுட் காச்மாரெக்.
வருடம் எழுபத்தொன்று.

கொட்டகை என்றால்,
இறங்குமுன் ஆண்கள் உடுப்பைக் கழற்றிக்
கொக்கியில் மாட்டிச்
சங்கிலி இழுத்துக் கூரைக்கு ஏற்றிவிடுவார்கள்.
நானூறு சட்டைகள் தலைக்கு மேல்
ஆளில்லாமல் தொங்கும்.
அதன் கீழே ஒரு புதன்கிழமை
பியோ குவாங்சொப் வந்து நின்றான்,
மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கரி வெட்ட வந்த கொரியாக்காரன்.
ஒரு விரல் காட்டினான்: ஒரு மணி நேரம்.
அவனிடம் அப்போது இருந்த ஜெர்மன் மூன்று சொல்:
மண்வெட்டி, கவனம், சம்பளம்.

நான்கு பேர் சேர்ந்தார்கள்.
வெள்ளை உடுப்புக்கு எங்கே போவது?
ரொட்டிக் கடையில் பழைய மேலங்கிகள் இரவல் வாங்கினோம்.
ஒவ்வொரு குத்துக்கும் மாவு பறந்தது.
ஹனா, துல், செட், நெட்,
எங்கள் வாயில் அந்த எண்கள்
உருளைக்கிழங்கு மூட்டைபோல் உருண்டன.
நெவ்ஸாத் மட்டும் சுத்தமாகச் சொன்னான்.
துருக்கிக்காரனுக்கு
அதற்குள் ஒரு புது மொழி பழகியிருந்தது.

நடுவில் ஓர் இரும்புத் தூண்.
கூரை அதன் தோளில் இருந்ததால்
யாரும் அதனோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.
மூன்றடி முன்னேறிக் குத்த வேண்டும்;
மூன்றாம் அடியில் தூண்.
டீட்மார் நெற்றியை இடித்துக்கொண்டான், இரண்டு தையல்.
பியோ தூணைப் பார்த்தான்,
துடைப்பத்தோடு நின்ற என்னைப் பார்த்தான்,
மூன்றாம் அடியைப் பாதியாக்கி
இடுப்பைக் கொஞ்சம் திருப்பிக் குத்தினான்.
"இப்படி" என்றான்.
அது அவனுடைய நான்காவது ஜெர்மன் சொல்.

ஒப்பந்தம் முடிந்து அவன் டொராண்டோ போனான்.
இரண்டு புத்தாண்டு வாழ்த்து அட்டை வந்தது. பிறகு வரவில்லை.
நால்வரும் போஹும், எஸ்ஸன், டோர்ட்முண்ட் என்று
ஆளுக்கொரு கூடம் திறந்தார்கள்.
கூடத்துக்கு நூறு பேர், நூறு பேருக்கும் அரை அடி.
பிறகு சங்கம் இரண்டாக உடைந்தது.
நெவ்ஸாத்தும் டீட்மாரும்
ஒரே கல்யாணத்தில் எதிரெதிர் மூலையில் சாப்பிட்டார்கள்.
பட்டை நிறத்தில் சண்டை, வணங்கும் கோணத்தில் சண்டை,
அரை அடியில் மட்டும் இல்லை.
பணிவின் அடையாளம் அது என்று ஒரு சங்கம் அச்சிட்டது.
எதிரியின் மூச்சுக்கு விடும் இடம் என்றது மற்றது.
நான் இரண்டையும் படித்தேன்,
மேசை ஆடாமலிருக்க மடித்துக் கால் அடியில் வைத்தேன்.

அதற்குள் சுரங்கத்தை மூடியாயிற்று.
தூண் பழைய இரும்புக்குப் போனது,
கிலோ பதினோரு பென்னிக்கு.

இரண்டாயிரத்து மூன்றில்
சியோலிலிருந்து தேர்வாளர் வந்தார், மூன் ஹேசுக் என்ற அம்மாள்.
போஹும் விளையாட்டரங்கம். நாற்பது மீட்டர் வெறும் தரை.
இருநூறு பேர், இரண்டு சங்கமும்,
மூன்றாம் அடியில் ஒன்றாக நின்று
ஒன்றாக இடுப்பைத் திருப்பினார்கள்.
அவர் கையைத் தூக்கினார்.
"இதை உங்களுக்கு யார் சொன்னது?"
இருநூறு பேரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள்.

கேக் மேசையில் நான் இருந்தேன். கத்தியோடு கை உயர்ந்தது.
மொழிபெயர்ப்பவன்
தூண் என்ற சொல்லுக்கு வெகு நேரம் தேடினான்.

அம்மாள் காலணியைக் கழற்றினார்.
ஓரடி. ஓரடி.
பிறகு அரை அடி,
நெற்றியைச் சற்று ஒதுக்கி.
முகத்தில் எதுவும் தெரியவில்லை.
தாளில் ஏதோ அடித்து எழுதினார்.
என்னவென்று நான் கேட்கவில்லை.

ஆப்பிள் கேக் இரண்டு துண்டு வாங்கினார்.
ஒன்றுக்குத்தான் காசு எடுத்துக்கொண்டேன்.