இரண்டு டெனர்

பீரோவைத் திறந்தால் முதலில் பூஞ்சை வாசம்,
பாட்டெல்லாம் அதற்குப் பிறகுதான்.
சணல் போட்டுக் கட்டிய நாற்பத்தேழு கட்டு.
ஓரங்களில் எனக்கு முன் கைவீசியவர்களின் பென்சில்:
மூச்சு இங்கே.
ஆல்டோ தூங்காதே.
எமிலி வரவில்லை, ரெண்டாம் வரியை விட்டுவிடு.

பெரிய வெள்ளிக்கு ஒன்று எடுக்க வேண்டும்.
ஈஸ்டர் கழிந்த மூன்றாம் சனிக்கிழமை
குன்னூரில் கச்சேரி; அதற்கும் ஒன்று.
இரண்டுக்கும் ஒன்றே போதுமென்று
வருஷா வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொள்வேன்.
கோயிலில் ஜனம் தலைகுனிந்திருக்கும்,
சுருதி சறுக்கினால் கர்த்தரோடு போச்சு.
கச்சேரியில் முன்வரிசை
நம் செருப்பிலிருந்து பார்க்கத் தொடங்கும்.

கையிருப்பு:
எட்டு சோப்ரானோ. மூவருக்கு டீ ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட்,
எந்த மூவர் என்பது திங்கட்கிழமைதான் தெரியும்.
ஐந்து ஆல்டோ, சந்தனமேரியின் தோளில் சாய்ந்து.
பேஸ் நாலு பேர் என்று பேர்;
ராஜரீகம் வராத நாளில் நாலும் காற்று.
டெனர் இரண்டு.

வின்ஃப்ரெட்டுக்கு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வேலை.
"நானும் கண்டக்டர், நீங்களும் கண்டக்டர்,
எனக்கு மட்டும்தான் சில்லறை" என்பான்.
மேலே ஏறும் சுரமெல்லாம் அவனுக்கு ஓசி.
இறங்கும்போதுதான் கொண்டை ஊசி வளைவு,
ஒவ்வொன்றிலும் ஒரு பயணி விழுவான்.
ஆசீர் அப்படியில்லை. மெல்லிய குரல்,
ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.
மஸ்கட் விசாவுக்குக் காத்திருக்கிறான்.

எட்டுக் குரலுக்கு லத்தீன் ஒன்று இருந்தது.
பக்கம் திருப்பும்போதே சிலிர்த்தது. மூடி வைத்தேன்.
கீர்த்தனையை நாலு குரலாகப் பிரித்தது ஒன்று:
ராகத்தைப் பிடித்து நாலு ஆணி அடித்திருந்தார்கள்,
கமகம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அதையும்.
காதில் ஐயர் குரல்:
"மூணு நிமிஷம்மா. ஏழு திருவசனம் இருக்கு,
ஏழு பேர் பிரசங்கம் இருக்கு."

கடைசிக் கட்டின் அடியில்
ஊதா மையில் சைக்ளோஸ்டைல் தாள், சோல்ஃபா எழுத்து.
இசையமைத்தவர் பெயரை எலி தின்றிருந்தது.
மொத்தச் சொல்லே மூன்று: கர்த்தாவே, எங்களுக்கு இரங்கும்.
மற்ற குரல்கள் மூன்றும் அலைந்து திரிய
டெனருக்கு ஒரே சுரம்.
பதினொரு பார்.

வியாழக்கிழமை ஒத்திகை.
கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் காட்டெருமை நின்றதால்
ஆல்டோ அரைமணி தாமதம்.
வந்ததும் கரண்ட் போனது.
செல்போன் வெளிச்சத்தில் தொடங்கினோம்,
உடைந்த கண்ணாடி வழியே மூடுபனி சோப்ரானோ பக்கம்.
வின்ஃப்ரெட் டிக்கெட் பையோடு ஓடி வந்தான்,
சில்லறை அடங்க ஒரு பார் ஆனது.
பிறகு அந்த ஒற்றைச் சுரம்
அறாமல் போனது.
இவன் மூச்சு வாங்கும்போது அவன் தாங்க,
அவன் வாங்கும்போது இவன்;
எங்கே மாறினார்கள் என்று எனக்கே தெரியவில்லை.
நான் கையை இறக்கியும் யாரும் பேசவில்லை.
வெளியே எருமை மட்டும் மூசியது.

இதுதான் என்று வாய் திறக்கும்போது
ஆசீர் செல்போனை நீட்டினான்.
விசா.
பெரிய வியாழன் ராத்திரி கொச்சியில் ஃபிளைட்.

வேறு பார்க்கலாம் என்றாள் சந்தனமேரி.
நான் பென்சிலைத் தேடினேன்.
ஒரு ஆள் பதினொரு பார் தாங்க மாட்டான்,
ஏழாவதில் அறுந்துவிடும்.
அறுந்த இடத்தில் மற்ற மூன்று குரலும்
காலடியில் தரையில்லாமல் நடக்கும்.
அன்றைக்கு அப்படித்தான் இருக்கட்டும்.
ஏழாவது பாரின் தலைமேல் எழுதினேன்:
மூச்சு இங்கே.

வின்ஃப்ரெட் எட்டிப் பார்த்தான்.
"இது ஸ்டாப்பிங்கா,
கை காட்டினா நிக்கிற இடமா?"

குன்னூருக்கு இன்னும் ஒன்றும் எடுக்கவில்லை.
போஸ்டர் அச்சாகிவிட்டதாம்,
கோத்தகிரிப் பாடகர் குழு,
பத்தொன்பது பேர் என்று.