மூன்று சென்ட் சரிவு

பெரும்பாறை வளைவில் பஸ் குலுங்கி நின்றபோது
மடியிலிருந்த தட்டு சாய்ந்து
பக்கத்து வேட்டியில் ஒரு பிடி மண்.
துடைத்துவிடவில்லை. துடைத்தால் பரவும்.
நாற்றுக்காரிக்குத் தெரிந்த முதல் பாடம் அது.

கேட்டிலேயே நிற்கிறார் சிவசைலம் சார்,
மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்று
மலையேறி வீடு கட்டியவர்.
போனில் ஒரு படம். எந்த ஊர் ஹோட்டலோ,
படிக்கட்டே தெரியாமல் மஞ்சள் பூ.
"இதேதான் வேணும்மா.
தீபாவளிக்கு மருமகன் வர்றதுக்குள்ள."

சரிவைப் போய்ப் பார்த்தேன்.
வீட்டுக்கு மண் வெட்டியதில் ஆன காயம்,
இன்னும் செக்கச்செவேல்.
மேலே நாள் முழுக்க வெயில்.
கீழே பலாமரம் விரித்த இருட்டு.
ஓரத்தில் குளியலறைக் குழாய் கசிகிற ஈரம்.
மூன்று சென்ட்டுக்குள் மூன்று ஊர்.

அந்த மஞ்சளை எனக்குத் தெரியும் சார்.
வெடேலியா.
கணுவுக்குக் கணு வேர்விடும்.
ஒடித்து எறிந்தால்
விழுந்த இடம் அதன் பட்டா.

இதை அவரிடம் சொன்னேன்.
சொல்லாதது:
ஒன்பது வருஷம் முன்னால்
ஆடலூர் பக்கம் ஓர் எஸ்டேட்டுக்கு
இருநூறு துண்டு கொடுத்தவள் நான்தான்,
துண்டு மூன்று ரூபாய்.
வேலி தாண்டியது, ரோடு தாண்டியது,
போன மாசியில் பார்க்கிறேன், ஓடைக்குள் நிற்கிறது.
கரையில் வல்லாரை பறிக்க வந்த ராக்கம்மா
மஞ்சளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றாள்.
"அழகாத்தான் இருக்கு" என்றாள்.
வெறுங்கூடையோடு ஏறிப் போனாள்.

"அப்ப உண்ணிப்பூ? கலர் கலரா இருக்குமே?"
மலையே அதைத்தான் போர்த்திக் கிடக்கிறது,
காசு கொடுத்து வேறயா சார்.
"பத்துமணிப்பூ?"
வைக்கலாம், மேல் பாதிக்கு.
ஆனால் ஐப்பசி மழை.
சூரியன் வராவிட்டால் கண் திறக்காது,
மருமகன் வந்தாலும்.
"கொரியன் புல்?"
தண்ணீர் லாரி உங்கள் வளைவில் திரும்புமா?
திரும்பாது என்று அவருக்கே தெரியும்.

தட்டை இறக்கி வைத்தேன்.
குனிந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார்.
"இது பொடுதலை இல்லையா?
எங்க ஊர் வாய்க்கா வரப்புல மாடு மிதிக்கிறது.
பொடுகுக்கு அரைச்சுத் தேய்ப்பாங்க.
இதுக்கா காசு?"

மாடு மிதித்தும் சாகாததுக்குத்தான் காசு.
மண்ணைக் கவ்வும், மழையில் வழுகாது,
குண்டூசித் தலையளவு பூ,
ஊதா விளிம்பு, குனிந்தவருக்கு மட்டும்.
இதுவும் ஓடுகிற கொடிதான், மறைக்கவில்லை.
ஓடைக்கு இறங்கினால்
ஓடைக்கு இதைத் தெரியும்.

ஈரத்துக்கு வல்லாரை.
பலா நிழலுக்குப் பெரணி,
உங்கள் வேலிக்கு வெளியே நிற்பதையே பெயர்த்து வைக்கிறேன்.
அதற்குக் கூலி மட்டும்.

வெகு நேரம் படத்தையே பார்த்தார்.
பிறகு போனை அணைத்து,
மேல் பாதிக்குப் பத்துமணி கட்டாயம் என்றார்.
சரி. மருமகனுக்கும் ஏதாவது வேண்டும்தானே.

வீரணன் கயிறு பிடித்தான், நான் குழி போட்டேன்.
ஒரு சாண் இடைவெளி.
ஒரு சாணும் வெறும் மண்ணாய்த் தெரிய
ஜன்னலில் சார் பெருமூச்சு விட்டது
கீழே வரை கேட்டது.

கை கழுவப் பின்பக்கம் போனால்
துளசிக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி.
மதுரையில் வாங்கி வந்திருக்கிறார், என்னிடம் சொல்லாமல்.
தொட்டி விளிம்பில் இருந்து இறங்கி
தரையைத் தொட்டுவிட்டது ஒரு விரல்.

கூலியில் ஐம்பது குறைத்துக்கொள்ளுங்கள், சார்,
இதைக் கொடுத்துவிடுங்கள்.

கவரில் முடிந்து மடியில் வைத்து வந்தேன்.
வழியில் எத்தனை பள்ளம்!
எந்த ஜன்னலுக்கும் கையை நீட்டவில்லை.
வீட்டுத் தகரக் கூரைமேல்
பத்து நாள் காயப் போட்டேன்.

பதினோராம் நாள் முடிச்சை அவிழ்த்தேன்.
இலை சருகு. தண்டு குச்சி.
ஒரே ஒரு கணுவில்
வெள்ளையாய்,
பிள்ளைக்குப் பல் முளைக்கிற மாதிரி,
வேர்.